சங்கு ஊதாத வேலை

என் அக்கா மகன் சோழிங்கநல்லூரில் பதினோராவது மாடியில் குடியிருக்கிறான். இரண்டு படுக்கையறை வாடகை வீடு. கூடத் தங்கியிருந்த நண்பன் கல்யாணமாகிப் போன பிறகு தனியாகத்தான் இருக்கிறான். போன மாதம் ஒரு வேலையாகச் சென்னை போனபோது மூன்று நாள் அவனோடு தங்கினேன். முதல் நாள் மதியம் சாப்பிடக் கூப்பிட்டேன். எழுந்தவன் நேரே வரவில்லை. மேசை டிராயரிலிருந்து ஒரு பழைய கைக்கடிகாரத்தை எடுத்தான். நாலைந்து சுற்று சாவி கொடுத்தான். மவுஸைத் தூக்கி அந்தக் கடிகாரத்தின் மேல் உட்கார வைத்துவிட்டு வந்தான்.

“என்னடா அது?”

“விநாடி முள் ஓடுதுல்ல மாமா. மவுஸுக்கு அடியில இருக்கிற லைட்டு அதப் பார்த்துட்டு, கைதான் நகர்த்துதுன்னு நினைச்சுக்கும். பேருக்குப் பக்கத்துல பச்சைப் பொட்டு போகாது.”

பொட்டு மஞ்சளானால் என்ன ஆகும் என்று கேட்டேன். முதல் தடவை ஒன்றும் ஆகாதாம். இரண்டாவது தடவை ‘இருக்கியா?’ என்று டீம் லீடிடமிருந்து ஒரு மெசேஜ் வருமாம். அந்த ஒற்றைக் கேள்வி அப்ரைசல் வரைக்கும் கூடவே வரும் என்றான். ரசஞ்சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். கண் மட்டும் அடிக்கடி மேசைப் பக்கம் போய்வந்தது.

அந்தக் கடிகாரம் எனக்குத் தெரிந்ததுதான். என் அப்பாவுடையது. சாவி கொடுக்கிற எச்எம்டி. கோவில்பட்டியில் ஒரு பஞ்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் ஸ்பின்னிங்கில் நின்றவர் அவர். பத்தாவதில் நல்ல மார்க் எடுத்த பேரன் கையில் அவரே கட்டிவிட்டார். எங்கள் சாப்பாடு முடியப் பதினெட்டு நிமிடம் ஆனது. அந்தப் பதினெட்டு நிமிடமும் அவனுக்குப் பதிலாகத் தாத்தா வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்பா ஆலையில் இருந்த காலத்தில் அந்தக் கடிகாரத்தைப் பார்த்து வேலைக்குப் போனதும் இல்லை, வேலையை விட்டு வந்ததும் இல்லை. அதற்குச் சங்கு இருந்தது. ஆலையின் ஊதலை எங்கள் பக்கத்தில் சங்கு என்றுதான் சொல்வோம். காலை எட்டு, மாலை நாலு, நடுராத்திரி பன்னிரண்டு. ஊருக்கே அதுதான் மணி. நாலு மணிச் சங்கு ஊதினால் அம்மா அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைப்பாள். எதிர்வீட்டு அத்தை துணி எடுக்க மாடிக்குப் போவாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் குரல் கொஞ்சம் இறங்கும். ஆலைச் சங்கு எப்போது ஊதும் என்று வீட்டில் ஒருத்தி காத்திருப்பதைப் பாரதிதாசன் பாட்டாகவே எழுதியிருக்கிறார். புருஷனை வீட்டுக்கு அனுப்பிவைக்கிற அதிகாரம் அந்த ஊதலுக்கு இருந்தது.

அப்போது எங்களுக்குத் தோன்றாத ஒரு விஷயம் இப்போது தோன்றுகிறது. சங்கு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஊதியது. அதனால் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே வந்தார்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டு நாலு பேர், எட்டு பேராக நடந்தார்கள். டீக்கடையில் நின்றார்கள். மேஸ்திரியைத் திட்டினார்கள். யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யார் பெண்ணுக்கு வரன் வந்திருக்கிறது, எந்தச் சீட்டுக்காரன் ஓடிப்போனான் என்பதெல்லாம் அந்த அரை மணி நேரத்தில் கை மாறியது. வேலையை நிறுத்துவதற்காக யாரும் யாரிடமும் கூச்சப்பட வேண்டியிருக்கவில்லை. ‘நான் கிளம்பட்டுமா’ என்று கேட்கிற பேச்சே இல்லை. வேலை தானே முடிந்தது. முடிந்தபோது பக்கத்தில் ஆள் இருந்தது.

இன்றைய அலுவலகத்தில் வேலை தானாக முடிவதில்லை. ஒவ்வொருவரும் தனியாக, தன் மனசாட்சியோடு மல்லுக்கட்டி முடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. லேப்டாப்பை மூடும்போது ஒரு குற்றவுணர்வு. மூடாமல் விட்டால் களைப்பு. அலுவலகச் சோர்வு, தனிமை என்று இரண்டு தலைப்பில் இன்று பேசப்படுவது என் கணக்கில் ஒரே விஷயம்தான். வேலையை நிறுத்துவது பொதுக் காரியமாக இருந்தது. அது தனிமனிதன் தலையில் போய் விழுந்ததும் அவன் தனியாளாகிவிட்டான். தனியாளால் நிறுத்த முடியவில்லை.

இப்படிச் சொல்வதால் ஆலையைச் சொர்க்கம் என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்பா கடைசி பத்து வருடம் ராத்திரி முழுக்க இருமினார். பஞ்சுத் தூசி. எட்டு மணிச் சங்குக்குப் பிறகு வந்து நின்றவர்களுக்குக் கேட் திறக்கவில்லை. அன்றைய கூலி போச்சு. சங்கு எல்லோரையும் ஒன்றாக்கியது என்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. 1921-ல் பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தம் சாதியில் உடைந்து, புளியந்தோப்பில் தொழிலாளியே தொழிலாளியை அடித்ததில் முடிந்தது. என் அப்பாவின் டீக்கடை வட்டத்திலும் யார் உட்கார்ந்தார்கள், யார் நின்றுகொண்டே குடித்தார்கள் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் அவருடைய களைப்பு உடம்பில் இருந்தது. தூங்கி எழுந்தால் பாதி போய்விடும். என் மருமகனுடைய களைப்பு தூங்கினால் போகிற ரகமாகத் தெரியவில்லை. அதற்கு அவன் வைத்திருக்கும் பெயர், “ஒண்ணும் ஓடல மாமா.”

உலகம் வைத்திருக்கும் பெயர் பர்ன்-அவுட். நியூயார்க்கில் போதைக்கு அடிமையானவர்களுக்காக நடந்த ஓர் இலவச மருத்துவமனையில் ராத்திரி ராத்திரியாக உழைத்த ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் 1974-ல் இதைப் பற்றி எழுதினார். சம்பளத்துக்கு மாரடித்தவர்களைப் பற்றி அவர் எழுதவில்லை. ஆசை ஆசையாகச் சேவைக்கு வந்தவர்கள் சில மாதங்களில் எரிச்சலும் அலட்சியமுமாக மாறுவதைத்தான் எழுதினார்; அவர்களில் அவரும் ஒருவர். பின்னால் கிறிஸ்டினா மாஸ்லாக் இதை அளக்க ஒரு வினாத்தாளே செய்தார். தீராத அயர்ச்சி, வேலை மீதும் ஆட்கள் மீதும் ஒரு வெறுப்பு கலந்த விலகல், நான் செய்வதில் ஒரு பிரயோசனமும் இல்லை என்ற நினைப்பு என மூன்று அறிகுறிகள். 2019-ல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் இதைச் சேர்த்தபோது ஒரு காரியம் செய்தது. நோய் என்று சொல்லாமல், ‘சரிவரக் கையாளப்படாத நீண்டகால வேலையிட அழுத்தத்தால் வருவது’ என்று பணியிடம் சார்ந்த நிகழ்வாக அதை வகைப்படுத்தியது. கோளாறு எங்கே இருக்கிறது என்று அந்த வகைப்பாடே சொல்லிவிடுகிறது. நம் மனிதவளத் துறைகள் மட்டும் அதைப் படிக்காதது போலவே நடந்துகொள்கின்றன.

தமிழில் ‘பணிச்சோர்வு’ என்று எழுதுகிறோம். எனக்கு அந்தச் சொல்லில் திருப்தி இல்லை. சோர்வு என்பது சாயங்காலம் வருவது. இதற்குச் சமையலறையில் ஒரு சொல் இருக்கிறது: அடிப்பிடிப்பது. பால் அடிப்பிடித்தால் மேலே பார்க்க வெள்ளையாகத்தான் இருக்கும், நுரைகூடக் கட்டும். வாயில் வைத்தால்தான் தெரியும். என் மருமகன் காலை ஒன்பது மணி ஸ்டாண்டப்பில் பேசுவதைக் கேட்டேன். குரலில் ஒரு குறையும் இல்லை. நேற்று இது முடித்தேன், இன்று இது செய்வேன், தடை எதுவும் இல்லை என்றான். பேசி முடித்து மியூட் போட்டதும் நாற்காலியில் அப்படியே சாய்ந்து, ஒரு நிமிடத்துக்கு மேல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு வேறு வேலை இல்லாததால் இரண்டாவது நாள் ஒரு கணக்கு எடுத்தேன். ஸ்டாண்டப், கிளையண்ட் கால், இன்னொரு கால் என்று திரைக்கு முன்னால் பேசியதைக் கழித்துவிட்டு, அவன் மனிதர்களிடம் பேசியது எவ்வளவு என்று. என்னிடம் பேசியதையும் சேர்க்கவில்லை, நான் விருந்தாளி. தண்ணீர் கேன் போட வந்தவரிடம் “ரெண்டு வைங்கண்ணா.” லிப்டில் பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் “ஹாய்.” ராத்திரி அம்மாவிடம் போனில் நாலு நிமிடம், அதில் மூன்று நிமிடம் அக்காதான் பேசினாள். அவ்வளவுதான். அதே அடுக்ககத்தில் அவன் கம்பெனிக்காரர்கள் இன்னும் நாலு பேர் இருக்கிறார்களாம். கழுத்து அட்டையை வைத்துத் தெரிந்துகொண்டானாம். “பேசினதில்லையாடா?” “என்னன்னு மாமா பேசுறது?”

வீட்டிலிருந்து வேலை பார்ப்பதால் வந்த வினை என்று சிலர் இதை முடித்துவிடுவார்கள். கேலப் நிறுவனத்தின் 2024 உலகப் பணியிட அறிக்கைப்படி ஊழியர்களில் ஐந்தில் ஒருவர் முந்தைய நாளின் பெரும்பகுதியைத் தனிமை உணர்வோடு கழித்ததாகச் சொல்லியிருக்கிறார். முழுக்க வீட்டிலிருந்து வேலை செய்வோரில் இது 25 சதவீதம், அலுவலகம் போவோரில் 16 சதவீதம். வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அலுவலகம் போவோரிலும் ஆறில் ஒருவர். என் மருமகனும் வாரம் இரண்டு நாள் சிறுசேரிக்குப் போகிறான். அங்கே அவனுக்கென்று ஒரு சீட் கிடையாது. காலையில் ஆப்பில் பதிவு செய்து எது கிடைக்கிறதோ அதில் உட்கார வேண்டும். அவன் டீமில் ஒருவர் புனே, ஒருவர் கொச்சி, லீட் பெங்களூரு, கிளையண்ட் நியூஜெர்சி. பக்கத்தில் உட்காருபவர் வேறு புராஜெக்ட். “அங்க போயும் ஹெட்போன் மாட்டிக்கிட்டுத்தான் மாமா உட்காரணும். அதுக்கு ரெண்டு மணி நேரம் டிராபிக்ல நிக்கணுமா?” என்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை.

சுவரை இடித்தால் மனிதர்கள் பேசிக்கொள்வார்கள் என்றும் ஒரு காலத்தில் நம்பினார்கள். அறைகளை எடுத்துவிட்டுத் திறந்த கூடமாக மாற்றிய இரண்டு பெரிய அமெரிக்க நிறுவனங்களில் ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஊழியர்களின் கழுத்தில் கருவி மாட்டி அளந்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்துபோயிருந்தது, மின்னஞ்சல் கூடியிருந்தது. எல்லோரும் பார்க்கும் இடத்தில் மனிதன் தலையைக் குனிந்துகொள்கிறான். இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டுமா என்ன, நம் ஊர் ஜவுளிக்கடைக்குப் போய்ப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் டீ கொண்டுவருகிற அண்ணன் ஒருவர் இருந்தார். தூக்குப் போணி, கம்பி வளையத்தில் எட்டு கண்ணாடி டம்ளர். அவர் வந்தால் எழுந்தே ஆக வேண்டும், ஆறிப்போகும். ஒருநாள் செலவைக் குறைக்கிறோம் என்று அவரை நிறுத்திவிட்டு மெஷின் வைத்தார்கள். இனி எப்போது வேண்டுமானாலும் டீ குடிக்கலாம் என்றார்கள். எப்போது வேண்டுமானாலும் என்று ஆனதும், சேர்ந்து குடிப்பது நின்றுபோனது. ஒவ்வொருவராகப் போய், பட்டனை அமுக்கி, கப்பை எடுத்துக்கொண்டு சீட்டுக்குத் திரும்பினோம். அந்த அண்ணன் ஒரு சின்னச் சங்கு என்பது அவர் போன பிறகுதான் தெரிந்தது.

அதே காலகட்டத்தில்தான் எல்லா நிறுவனங்களும் தங்களைக் குடும்பம் என்று அழைத்துக்கொள்ள ஆரம்பித்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். 2024 ஜூலையில் புனேயில் ஒரு பன்னாட்டுத் தணிக்கை நிறுவனத்தில் நாலு மாதமே வேலை பார்த்த 26 வயதுப் பெண் இறந்துபோனார். கேரளத்துப் பெண், சி.ஏ. தேறி முதல் வேலை. அளவில்லாத வேலைப்பளுதான் மகளைக் கொண்டுபோனது என்று அவருடைய அம்மா நிறுவனத்தின் தலைவருக்கு எழுதிய கடிதம் செப்டம்பரில் வெளியே வந்து நாடே பேசியது. மற்றவர்களுக்குக் கொடுத்த வேலையைத்தான் அவருக்கும் கொடுத்தோம் என்றது நிறுவனம். அந்த அலுவலகம் 2007-லிருந்து கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவே இல்லாமல் நடந்துவந்தது என்று மகாராஷ்டிரத் தொழிலாளர் துறை பிறகு கண்டுபிடித்தது. இவ்வளவிலும் என்னை உலுக்கியது கடிதத்தின் வேறோர் இடம். மகளின் இறுதிச் சடங்குக்கு அலுவலகத்திலிருந்து ஒருவர்கூட வரவில்லை என்று அந்தத் தாய் எழுதியிருந்தார்.

சாவு வீட்டுக்குப் போய் வருவதை எங்கள் பக்கத்தில் துஷ்டி கேட்பது என்பார்கள். பகையாளி வீடானாலும் துஷ்டிக்குப் போவது உண்டு. அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பதினாறு வருடம் கழித்துக் காலமானார். ஆலையே அதற்குள் மூடிக்கிடந்தது. ஸ்பின்னிங்கில் கூட நின்றவர்கள் பதினொரு பேர் மாலை வாங்கிக்கொண்டு வந்தார்கள். அதில் ஒருவருக்கு அப்பாவோடு ஏழெட்டு வருடமாகப் பேச்சு கிடையாது. அவரும் வந்து, ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டு, சுடுகாடு வரைக்கும் நடந்தார். ஆலை முதலாளி எந்தக் காலத்திலும் எங்களைக் குடும்பம் என்று சொன்னதில்லை.

நேரத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வது தனிக் கதை. இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார் நாராயண மூர்த்தி, 2023 அக்டோபரில். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் அதை 90 ஆக்கினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து பெண்டாட்டி முகத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்ற தொனியில் கேட்டார். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும் மாரடைப்பு வகை இதய நோயால் சாகும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் கணக்குச் சொல்லியிருந்தன. 2016-ஆம் ஆண்டில் மட்டும் இப்படி இறந்தவர்கள் 7,45,000 பேர். சுப்ரமணியனுக்குப் பதில் சொல்ல எனக்கு இந்தப் புள்ளிவிவரம் தேவைப்படவில்லை. வீட்டில் ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது வீண் நேரம் என்று ஒருவருக்குத் தோன்றுகிறதே, அங்கேதான் சிக்கல்.

அந்த முகத்துக்கு உரியவளுக்கு ஞாயிற்றுக்கிழமையே இல்லை என்பது இன்னொரு பக்கம். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்கு அதில் செலவிடுவது 289 நிமிடம்; ஆண் 88 நிமிடம். என் மருமகன் வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு பெண் வங்கி மென்பொருள் பிரிவில் வேலை பார்க்கிறார். குக்கர் மூன்றாவது விசிலுக்குள் மியூட் போட்டாக வேண்டும் என்பதால், கால் நடக்கும்போது ஒரு காது அடுப்பில்தான் இருக்கும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். விசில் கேட்டால் வீட்டிலிருப்பது தெரிந்துவிடுமே என்று. வீட்டிலிருந்து வேலை செய்பவர் வீட்டிலிருப்பதை மறைக்கிறார். சங்கு இருந்த காலத்திலும் பெண்களுக்கு அது பாதிதான் ஊதியது. நாலு மணிக்குப் பிறகு அம்மாவின் ஷிப்டு ஆரம்பித்தது.

சட்டம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்று கோடு போட்டது. மேலே பார்த்தால் இரட்டைச் சம்பளம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. நம் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் ஐந்து வருடம் தாக்குப்பிடித்தவர் பெயருக்குப் பின்னால் லீட், மேனேஜர் என்று ஏதோ ஒன்று ஒட்டிக்கொள்வதைப் பார்க்கிறோம். பட்டம் வந்ததும் கணக்கு கேட்கிற வாய் அடைத்துப்போகிறது. இதே சட்டத்தில் 2021-ல் ஒரு திருத்தம் வந்து, கடை ஊழியர்கள் உட்காருவதற்கு இருக்கை போட வேண்டும் என்று ஆனது. நாள் முழுக்க நிற்கிறவருக்கு உட்காரும் உரிமை கிடைத்ததுபோல, நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு எழுந்திருக்கும் உரிமை இன்னும் எழுதப்படவில்லை.

2023 ஏப்ரல் 21 அன்று, ஆலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. பத்தே நாளில், மே 1 அன்று, சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் வைத்து முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடி அன்றைக்குச் சரியாக நூறு வருடம். தொழிற்சங்கங்கள் தெருவுக்கு வந்தன, கூட்டணிக் கட்சிகள் முறைத்தன, அரசு இறங்கிவந்தது. அந்தப் பத்து நாளும் பழைய மகாபலிபுரம் சாலையில் ஏற்கெனவே பன்னிரண்டு மணி நேரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மசோதா தேவைப்படவில்லை. திரும்பப் பெறவும் ஒன்றும் இல்லை. தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று 2016-லேயே தமிழக அரசு தெளிவுபடுத்திவிட்டது, சங்கங்களும் இருக்கின்றன. ஆனால் என் மருமகனுக்கு ஒரு சங்கத்தின் பெயர்கூடத் தெரியாது. “எல்லாரும் ஒரு மாசம் நோட்டீஸ் குடுத்துட்டு வேற கம்பெனி போற ஆளுங்க மாமா. எவன் கூடச் சங்கம்?”

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மதராஸ் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூரில் தொடங்கிய கதையைப் பாருங்கள். செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் ஆலைக்குப் பக்கத்தில் வணிகம் பார்த்தவர்கள். ஸ்ரீ வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒரு சபை நடத்தினார்கள். பக்திச் சொற்பொழிவு கேட்க ஆலைத் தொழிலாளர்கள் வந்து உட்காருவார்கள். உட்கார்ந்த இடத்தில் பேச்சு வேலையைப் பற்றித் திரும்பியது. அப்புறம்தான் பி.பி.வாடியா வந்தார், திரு.வி.க. வந்தார். ஆரம்பத்தில் அவர்கள் கேட்டவற்றில் ஒன்று மதியச் சாப்பாட்டு இடைவேளையை நீட்ட வேண்டும் என்பது. அரை மணி நேரத்தில் கை கழுவி, தின்று, திரும்ப முடியவில்லை. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று இன்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அது நிதானமாகச் சாப்பிட விடு என்று கேட்டவர்களின் சங்கம். அவர்களுக்கு முதலில் உட்கார ஓர் இடம் இருந்தது. உரிமை பிறகு வந்தது.

வெளிநாட்டில் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்கலாம். பிரான்சில் 2017 ஜனவரி முதல், ஐம்பது பேருக்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனங்கள் ‘தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை’ பற்றி ஊழியர்களோடு பேசியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல், வேலை நேரத்துக்குப் பிறகு வரும் அழைப்பை, மறுப்பது நியாயமற்றதாக இல்லாதவரை, எடுக்காமல் விடலாம். நம் நாடாளுமன்றத்தில் சுப்ரியா சுலே 2018-ல் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 2025 டிசம்பரில் மறுபடியும் கொண்டுவந்தார். தனிநபர் மசோதாக்களின் தலையெழுத்து எல்லோருக்கும் தெரிந்ததே.

இவற்றில் எனக்கு ஒரு குறை. உரிமை என்று எழுதி ஊழியர் கையில் கொடுத்துவிட்டால், அதைப் பயன்படுத்த வேண்டியவனும் அதே தனியாள்தான். ‘உனக்கு உரிமை இருக்கிறது, வேண்டுமானால் எடுக்காதே’ என்றால், பக்கத்து ஊரில் இருக்கும் டீம்காரன் எடுத்துவிடுவானே என்ற பயம் போகாது. ஜப்பானில் வேலைப்பளுவால் சாவதற்கு கரோஷி என்று தனிச் சொல்லே உண்டு. அதைத் தடுக்க 2014-ல் சட்டமும் வந்தது. அடுத்த வருடமே டோக்கியோவின் பெரிய விளம்பர நிறுவனம் ஒன்றில் 24 வயதுப் பெண் கிறிஸ்துமஸ் அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். அதே நிறுவனத்தில் 1991-லும் ஓர் இளைஞர் அப்படிப் போயிருந்தார். அந்தப் பெண்ணின் சாவுக்குப் பிறகுதான் அவர்கள் இரவு பத்து மணிக்குக் கட்டடம் முழுக்க விளக்கை அணைக்க ஆரம்பித்தார்கள். (இப்படி ஒரு நினைப்பு யாருக்காவது தலைகாட்டினால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.)

எனக்குப் பிடித்த உதாரணம் ஜெர்மனியில் இருக்கிறது. வோக்ஸ்வாகன் நிறுவனத்தில் ஊழியர் குழு நிர்வாகத்தோடு பேசி 2011-ல் ஓர் ஏற்பாடு செய்தது. ஷிப்டு முடிந்து அரை மணி நேரத்தில் சர்வர், ஊழியர்களின் கைப்பேசிகளுக்கு மின்னஞ்சல் அனுப்புவதை நிறுத்திவிடும். மறுநாள் ஷிப்டு தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போதுதான் மறுபடி திறக்கும். எல்லோருக்கும் இல்லை, சங்க ஒப்பந்தத்துக்குள் வருபவர்களுக்கு. மேலதிகாரிகள் விடிய விடிய அனுப்பிக்கொள்ளலாம். அதில் யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எடுக்கலாமா வேண்டாமா என்ற தர்மசங்கடம் இல்லை. வந்தால்தானே எடுப்பதற்கு. கார் கம்பெனிக்காரர்களுக்குச் சங்கின் அருமை தெரிந்திருக்கிறது.

அமெரிக்க கிளையண்டை வைத்துக்கொண்டு இங்கே அதெல்லாம் நடக்காது என்பார்கள். நியூஜெர்சியில் விடியும்போது இங்கே மாலை. அவர்கள் காபி குடித்துவிட்டு வரும்போது நாம் சட்டையைக் கழற்றுகிறோம். உண்மைதான். ஆனால் ராத்திரி வேலையை இந்த ஊர் புதிதாகப் பார்க்கவில்லை. என் அப்பா பாதி வாழ்க்கை அரை ராத்திரிச் சங்குக்குப் போய்க் காலைச் சங்குக்கு வந்தவர். ராத்திரி பார்த்தால் பகலில் தூங்குவார்; கதவைத் தட்டினால் அம்மா அடிப்பாள். இன்றைக்கு ராத்திரி வேலையும் உண்டு, பகல் வேலையும் உண்டு. இரண்டுக்கும் நடுவே கோடு இல்லை. கிளையண்டுக்காக இரண்டு ஷிப்டு ஆள் போட்டால் செலவு ஆகும். ஒரே ஆளை இரண்டு பக்கமும் நீட்டினால் செலவு இல்லை. அதற்குப் பெயர் நெகிழ்வான வேலை நேரம்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருப்பதாகச் சொல்கிறது. பிரிட்டன் 2018-லேயே தனிமைக்கு ஓர் அமைச்சரைப் போட்டது. நம் நிறுவனங்கள் யோகா வகுப்பு போடுகின்றன. மருமகன் கம்பெனியில் வெள்ளிக்கிழமைதோறும் ஆன்லைன் தியானம் உண்டு. கேமராவை அணைத்துவிட்டு அந்த நேரத்தில் விட்டுப்போன வேலையை முடிப்பானாம். டீமில் எல்லோரும் அப்படித்தானாம். எல்லோரும் அப்படித்தான் என்பது எப்படித் தெரியும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். “எல்லார் பொட்டும் பச்சையா இருக்கும்ல மாமா.”

மூன்றாவது நாள் ராத்திரி கிளாம்பாக்கத்தில் பஸ். அவனே பைக்கில் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னான். பையை எடுத்து வைக்கும்போது மேசையிலிருந்த கடிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். மணி ஒன்பதே முக்கால் என்றது. என் கைப்பேசியில் பத்து ஆக ஐந்து நிமிடம். அப்பா இருந்தவரை ஒரு நிமிடம் பிசகாத கடிகாரம்.

“இது பின்தங்குதேடா. ஊர்ல பழைய வாட்ச் பாக்குறவர் இன்னும் ஒருத்தர் இருக்காரு. எடுத்துட்டுப் போய் ஆயில் போட்டு, சரி பண்ணித் தரவா?”

என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். சாவி கொடுத்தான். மறுபடி மவுஸுக்கு அடியில் வைத்தான்.

“இப்ப வேண்டாம் மாமா. அப்ரைசல் முடியட்டும்.”